செற்றி நின்ற இடம்

பொதுச் சுவருக்கு அப்பால் யாரோ எதையோ இழுக்கிறார்கள். மரத்தரையில் பாரமான சாமான் ஒன்று நகரும் சத்தம். முதலில் ஒரு முனகல், பிறகு நீண்ட உரசல், பிறகு மூச்சு வாங்கும் இடைவெளி, மறுபடியும் உரசல். பக்கத்து வீட்டுக்குப் புது ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். வந்து மூன்று நாளாகியும் அந்தச் சாமானுக்கு இடம் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் காதை வைக்கிறேன். இடப்பக்கம் போகிறது. அங்கே வேண்டாம், நில்லுங்கோ என்று வாய்வரை வந்துவிடுகிறது. என் உள்ளங்கால் அரிக்கிறது.

நான் இருந்த வீடுகளில் எந்தக் கதிரையும் ஒரே இடத்தில் ஒரு மாதம் நின்றதில்லை. பார்க்டேலில் நிற்கவில்லை, ஸ்காபரோவில் நிற்கவில்லை, இப்போது விட்பியிலும் நிற்பதில்லை. மேசையை யன்னலுக்குக் கொண்டுபோவேன். யன்னலில் வைத்ததும் சுவர் வெறுமையாகக் கிடந்து கூப்பிடும். சுவருக்குக் கொண்டுவந்தால் யன்னல் கூப்பிடும். என் கணவர் வேலையால் வந்து வாசலில் நின்றபடியே கேட்பார்: "இண்டைக்கு எங்கை இருக்கிறது? சொன்னியெண்டால் இருக்கலாம்." ஒருநாள் கேட்க மறந்து, பழைய நினைவில் பின்பக்கமாகச் சாய்ந்து, தரையில் போய் இருந்துவிட்டார். எழும்பவில்லை. "உதுவும் நல்லாத்தான் இருக்கு, தேத்தண்ணியைக் கொண்டா" என்றார்.

அப்படிப்பட்ட நான், ஒன்றரை வருடம், என் வீட்டில் ஒரு சாமானை மட்டும் ஒரு சாண்கூட நகர்த்த முடியாமல் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், கனடாவுக்கு வந்த புதிது. பார்க்டேலில், ஆறாம் மாடியில், ஒரு படுக்கையறையும் ஒரு ஹோலும் உள்ள வீடு.

செற்றியை, அந்த நீளச் சாய்விருக்கையை, நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது அது எனக்கு முன்னால் வந்து என் வீட்டில் இருந்தது. கடுகு மஞ்சள். அந்த மஞ்சளின் மேல் சாப்பாட்டுக் கோப்பை அளவில் மெரூன் பூக்கள். கைபிடி மரம், நுனியில் சிங்கத்தின் பாதம்போலச் செதுக்கிய நகங்கள். முழுவதையும் மூடித் தடித்த பிளாஸ்டிக் உறை. அதற்குப் பின்னால், சுவரில், செற்றியோடு சும்மா கொடுத்தது என்று ஒரு வெல்வெற் சீலை: காட்டுக்குள் ஒரு குளம், குளத்தில் மூன்று மான். இரண்டு மான் தண்ணீர் குடித்தன. மூன்றாவது குடிக்கவில்லை. திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எப்பிடி?" என்றார் இவர். அவர் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலையின் மா இன்னும் காது மடலில் இருந்தது.

"பெரிசா இருக்கு."

"பெரிசாத்தானே இருக்கோணும். செற்றியெண்டால் என்ன, பேனையே சட்டைப் பைக்குள்ளை வைக்க?"

இந்த நாட்டில் அவர் வாங்கிய முதல் சாமான் அது. அதற்கு முன் எங்களிடம் இருந்தவை எல்லாம் யாரோ தந்தவை, எங்கோ எடுத்தவை. அவர் அதில் இருந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்து, பிளாஸ்டிக் கிறீச்சிட, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிறத்தைப் பற்றி என்ன சொல்வது? இருந்தேன். வேர்வையில் தொடை பிளாஸ்டிக்கோடு ஒட்டியது. எழும்பும்போது உரிந்தது.

இப்படித்தான் ஆறாம் மாடியிலே செற்றி உள்ள ஒரே தமிழ்வீடு எங்களுடையதானது.

அடுத்த கிழமை எதிர்வீட்டு அண்ணை கதவைத் தட்டினார். எதிர்வீட்டில் நாலு ஆண்கள் இருந்தார்கள். நாலு மெத்தை, ஒரு ரீவி, ஒரு பெரிய பானை. அவர்களில் மூத்தவர் இந்த அண்ணை. முப்பத்தைந்துக்குக் கிட்ட, மெலிந்தவர், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கதைக்கும்போது வலது பெருவிரலை இடது கையால் பிடித்து வளைத்துக்கொண்டே இருப்பார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. உந்தச் செற்றியிலை இருந்து ஒரு படம் எடுக்கலாமோ? அம்மாவுக்கு அனுப்ப."

இதற்கென்ன. இவர் தன் ஒரே கோட்டை எடுத்துக் கொடுத்தார். கமராவில் பிளாஷ் அடித்தால் பிளாஸ்டிக் உறை வெள்ளையாகக் கத்தியது. படம் முழுவதும் வெளிச்சம்தான் விழும். அதனால் காலை பதினொரு மணிக்கு, யன்னல் வெளிச்சத்தில் எடுப்பதென்று கண்டுபிடித்தோம். அண்ணை செற்றியின் நுனியில் இருந்தார். முதுகு படவில்லை. பிளாஸ்டிக் நசுங்கிவிடும் என்று பயந்தவர்போல முன்னுக்குச் சரிந்து இருந்தார். பிறகு ரெலிபோனைக் கொண்டுவந்து மடியில் வைத்து, ரிசீவரைக் காதில் வைக்கச் சொன்னார் இவர்.

"ஆரோடை கதைக்கிறது?"

"ஆரோடையும் கதையுங்கோ. வாயைத் திறக்கோணும்."

"ஹலோ, நான்தான்," என்றார் அண்ணை மறுமுனையில் யாருமில்லாத ரெலிபோனில். கிளிக்.

ஒரு படம்தான். ஆனால் அது நாலாய்ப் பெருகியது. எதிர்வீட்டின் மற்ற மூவரும் வந்தார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து வந்தார்கள். சனிக்கிழமை பதினொரு மணி படமெடுக்கும் நேரம் என்று ஊர் வழக்கம்போல ஆகிவிட்டது. அதே கோட், அதே ரெலிபோன், அதே மான். யாரோ ஒருவரின் மாமி கடிதத்தில் கேட்டாவாம்: "கனடாவிலை வந்திறங்கிற எல்லாருக்கும் ஒரே கோட்டே குடுக்கிறாங்கள்?" அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். தேத்தண்ணி ஊற்றினேன். மூன்றாவது மான் என்னைப் பார்த்தது.

எனக்குள் எறும்பு ஓடத் தொடங்கியிருந்தது.

நான் அப்போது திரைச்சீலை தைக்கும் ஓர் இடத்தில் வேலை செய்தேன். நாள் முழுவதும் பிறர் யன்னல்களின் விளிம்பை மடித்துத் தைப்பது. பட்டுபோல வழுக்கும் துணி, பாரமான துணி, தங்க நூலோடிய துணி எல்லாம் கைக்குள்ளால் போகும். எந்த வீட்டுக்குப் போகிறதோ தெரியாது. ஒருநாள் வெளுக்காத பருத்தித் துணி ஒரு கட்டு வந்தது. நிறமென்று ஒன்றில்லை, அரிசி களைந்த தண்ணியின் நிறம். மெஷினுக்கு மேல் அதைத் தூக்கியபோது மின்விளக்கு அதனூடாக வந்து என் மடியில் மெதுவாக விழுந்தது. கை நின்றுவிட்டது. எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்த முதல் தருணம் அதுதான். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல உடம்பு லேசானது. மிஞ்சிய துண்டுகளை எடுத்துப் போகலாம் என்று அனுமதி இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

போன கையோடு ஹோல் யன்னலின் தடித்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொங்கவிட்டேன். வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் செற்றியின் கைபிடியில் முட்டி நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் தனியே நின்று, செற்றியைத் தோளால் தள்ளி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனேன். கீழ்வீட்டுக்காரி கூட்டும் தும்புத்தடியால் கூரையில் இடித்தாள். இடிக்கட்டும். மானைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். ஹோலின் நடுவில் நின்றேன். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தேன். நடக்க இடமிருந்தது!

சனிக்கிழமை அண்ணை புதுப் பிலிம் சுருளோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் ஒரு செருப்போடு நின்றுவிட்டார்.

"ஐயோ தங்கச்சி. மான் எங்கை?"

"சுருட்டி வைச்சிருக்கிறன். ஏன் அண்ணை?"

பெருவிரல் வளைந்தது. "முந்தின படத்திலை மான் பின்னாலை நிக்குதெல்லோ."

"ஓம், நிண்டது."

"அம்மாவுக்கு நான், வந்து... என்ரை வீடு எண்டு எழுதிப்போட்டன்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். அம்மா அந்தப் படத்தைக் கொண்டுபோய்ப் பெண்வீட்டில் காட்டியிருக்கிறா. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு படம் கேட்டிருக்கிறார்கள். இப்போது மான் இல்லாமல், செற்றி வேறு சுவரில் நிற்க ஒரு படம் போனால், வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று நினைப்பார்கள். அல்லது அது ஒருநாளும் இருந்ததில்லை என்று.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏற்கெனவே செற்றியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஒரு மனிசன்ரை கலியாண விசயம். பிடி."

பிடித்தேன். இருந்த இடத்துக்கே கொண்டுவந்தோம். சரியாக எங்கே நின்றது என்று பழைய படத்தைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள் இருவரும். "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை. ஆ. நில்லு." இனிமேல் பிழைக்கக்கூடாதென்று இவர் நாலு காலுக்கும் கீழே தரையில் மஞ்சள் ரேப்பை, ஒட்டுநாடாவை, கிழித்து ஒட்டினார். நாலு சின்ன எல் வடிவம். என் வீட்டின் அளவு அதுதான் என்றானது.

அண்ணையின் கலியாணம் ஒன்று. ஆனால் அது பேச்சில் இருந்த ஒன்றரை வருடமும் நான் அந்த நாலு ரேப்புக்குள் இருந்தேன். செற்றியை அசைக்க முடியாத கோபத்தில் குசினியில் தூள் போத்தல்களை நாளுக்கு ஒரு வரிசையாக வைத்தேன். கட்டிலைத் திருப்பினேன், இவர் காலையில் எழுந்து சுவரில் முட்டினார். உடுப்புத் தோய்க்கும் அறையில் யாரோ விட்டுப்போன ஒரு வீட்டு அலங்காரச் சஞ்சிகை கிடந்தது. மெஷின் சுற்றும்வரை அதைப் புரட்டினேன். உங்கள் பாணி எது என்று கண்டுபிடியுங்கள் என்று கேள்விகள். உங்கள் வீட்டுக்குள் வருகிறவர் முதலில் எதைக் காண விரும்புகிறீர்கள்? அ, ஆ, இ, ஈ. பென்சிலோடு நெடுநேரம் இருந்தேன். வருகிறவர் எதைக் கண்டு எவருக்கு எழுதப்போகிறார் என்றல்லவோ நாங்கள் முதலில் கேட்போம். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் எழுத்தில்லை. எனக்கு எது பிடிக்காது என்று நான் நூறு சொல்வேன். பிடித்ததென்று அரிசித் தண்ணி நிறத்தில் ஒரு துணி. அதை வைத்து ஒரு வீட்டைக் கட்ட முடியுமா? உடுப்பு ஈரமாகவே வெளியே வந்தது. ஈரத்தோடு கொண்டுபோனேன்.

ஊரிலிருந்து பெண் வருவதற்கு ஒரு மாதம் முன், அண்ணை எதிர்வீட்டை விட்டு நாலாம் மாடியில் தனியே ஒரு வீடு எடுத்தார். அன்று வந்து செற்றியின் நுனியில் இருந்தார். கோட் இல்லை, கமரா இல்லை. பெருவிரல் மட்டும்.

"அவ உறை தைச்சிருக்கிறாவாம் தங்கச்சி."

"என்ன உறை?"

"செற்றிக்கு. முதுகுக்கும் கைக்கும். படத்தைப் பாத்து அளவெடுத்து, பூப்போட்டுத் தைச்சு வைச்சிருக்கிறாவாம். கொண்டுவாறாவாம்."

அவர் செற்றியைக் கேட்கவும் இல்லை. கேட்கத் தெரியாத மனிதர். பிளாஸ்டிக் மட்டும் ஒருதரம் கிறீச்சிட்டது.

"ஒரு மாசத்துக்குக் கொண்டுபோங்கோ," என்றார் இவர், தன் தொண்டையைச் செருமி. "அவ வந்து மனம் ஆறட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

லிஃப்றில் செற்றி அடங்கவில்லை. நாலு ஆண்கள் படியால் இறக்கினார்கள். "தூக்கு, தூக்கு, சிங்கத்தின்ரை நகம் தட்டுது" என்ற சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டது. மானும் சுருண்டு போனது. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

வெறும் ஹோல். நாலு மஞ்சள் ரேப். சுவரில் மான் நின்ற இடம் மட்டும் மங்காமல் ஒரு நீள்சதுரம்.

சந்தோசம் வரவேண்டும். வரவில்லை. ஓட விட்ட மாடு வேலியடியிலேயே நிற்பதுபோல நின்றேன். பிறகு தொடங்கினேன். இருந்த ஒரே மரக்கதிரையை நடுவில் வைத்தேன். மூலையில் வைத்தேன். யன்னலுக்கு முதுகு காட்டி, பிறகு முகம் காட்டி. பாய் விரித்தேன், சுருட்டினேன். ஒரு கிழமையில் இருபது தரம். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியை விட்டுவிட்டாள், களைத்திருப்பாள். எல்லா இடமும் சரியாகத்தான் இருந்தது. எல்லா இடமும் பிழையாகத்தான் இருந்தது. இவர் சுவரில் சாய்ந்து தரையில் இருந்து, "ஒரு மாசம்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே நாலாம் மாடிக்கு. மறுநாள் நாங்கள் பார்க்கப் போனோம். இருபத்தாறு வயதிருக்கும், சின்ன உருவம், பெரிய கண், எதையும் இரண்டு தரம் பார்க்கும் பார்வை. செற்றியில் பிளாஸ்டிக் இல்லை.

"வந்த கையோடை உரிச்சுப்போட்டா," என்றார் அண்ணை பெருமையும் பதற்றமுமாக.

என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. இரண்டு வருடம் அந்தப் பிளாஸ்டிக்கில் கறி ஒரு துளி சிந்தவிடாதவர்.

"மூச்சு விடேல்லை அது," என்றாள் அவள். அவ்வளவுதான். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. செற்றி அதே மானுக்குக் கீழே, அதே பக்கச் சுவரில், அளவாக நின்றது. அண்ணை பழைய படத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார். உறைகள் மட்டும் எங்கும் தெரியவில்லை.

ஒரு கிழமை கழித்து, நாங்கள் கறி கொடுத்தனுப்பிய கோப்பையைத் திருப்பித்தர அவள், தோளில் ஒரு துணிப்பையோடு, ஆறாம் மாடிக்கு வந்தாள். காலை பதினொரு மணி இருக்கும். எனக்கு அன்று வேலை இல்லை. கதவைத் திறந்தேன்.

"உள்ளுக்கு வாருமன்."

வந்தவள் ஹோலில் இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். கோப்பை அவள் கையிலேயே இருந்தது. யன்னலைப் பார்த்தாள். சுவரின் நீள்சதுரத்தைப் பார்த்தாள். பிறகு தரையை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் ரேப்பை உரிக்கவில்லை. ஒரு மாதத்தில் செற்றி திரும்பி வரும், இவர் தேடுவார் என்று விட்டிருந்தேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நடந்துபோய் அந்த நாலு மஞ்சள் குறிக்கும் நடுவில், வெறுந்தரையில், சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்தாள். முதுகை நேராக வைத்து, கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து. அண்ணை இருந்ததுபோலவே.

"இஞ்சைதானே அக்கா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். ஒரு மனிசன்ரை கலியாணம். கலியாணம் முடிந்துவிட்டது என்பதும், இனித்தான் தொடங்குகிறது என்பதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ஓம்," என்றேன். "எப்பிடித் தெரியும்?"

"படத்திலை வெளிச்சம் அவரின்ரை வலக்கன்னத்திலை விழுந்தது. கீழை எங்கடை வீட்டிலை இருந்தால் இடக்கன்னத்திலை விழுது."

நாலாம் மாடி வீடு நடைவழியின் மறுபக்கம். எங்கள் வீட்டைக் கண்ணாடியில் பார்த்ததுபோல எல்லாம் திரும்பி இருக்கும். இவரும் அண்ணையும் மானைப் பார்த்தார்கள், செற்றியைப் பார்த்தார்கள், சிங்கத்தின் நகத்தைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். யன்னலை ஒருவரும் பார்க்கவில்லை. இவளோ ஒன்றரை வருடம் அந்தப் படத்தை மடியில் வைத்துத் தைத்தவள்.

"வந்த அண்டைக்கே தெரியும்," என்றாள். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் சண்டை பிடிக்க வரேல்லை."

"உமக்குக் கோபம் இல்லையே?"

யோசித்தாள். "இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது. பிறகு அவர் வேலையால் வந்து, செற்றியிலை இருக்காமல், நிலத்திலை இருந்து சாப்பிட்டார். ஏன் எண்டு கேட்டன். பழகேல்லை எண்டார்." அவள் வாய் கோணியது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. "சொந்தக் கதிரையிலை இருக்கப் பழகாத மனிசன். பாவமாப் போச்சு."

தோளில் தொங்கிய பையை மடிக்கு எடுத்துத் திறந்தாள். அதுதான் உறைகள். வெள்ளைத் துணியில் நீலப் பூக்கள், நூல் நுனிகூடத் தெரியாத தையல். தொழிலாகத் தைக்கிற எனக்கே கை கூசியது. "காணாது அக்கா. ஒவ்வொண்டும் ஒரு சாண் காணாது."

"படத்தை வைச்சே அளந்தனீர்?"

"அவரை வைச்சு அளந்தனான். அவரின்ரை தோள் இவ்வளவு எண்டால் செற்றி இவ்வளவு எண்டு." விரலால் காட்டினாள். அண்ணை நுனியில் முன்னுக்குச் சரிந்து இருந்தார். படத்தில் அவர் பெரிதாக விழுந்தார், செற்றி சிறுத்துப்போனது. "ஆளைப் பெரிசா நினைச்சுப்போட்டன்," என்றாள். அப்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"உண்மையைச் சொல்லுமன், உமக்கு அந்தச் செற்றி பிடிக்குமோ?"

"எனக்கோ? வாந்தி வரும். அவருக்குப் பிடிக்கும் எண்டு தைச்சன்."

"அவருக்கும் பிடிக்காது."

"உங்களுக்கு?"

அவள் வெறும் ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டாள். பார்வை யன்னலில் நின்றது. அரிசித் தண்ணித் துணி லேசாக அசைந்தது. அதன் வெளிச்சம் அவள் வலக்கன்னத்தில் கிடந்தது.

"இதிலை கொஞ்சம் இருக்கோ அக்கா?"

இருந்தது. அன்று மத்தியானம் என் வீட்டுத் தையல் மெஷினில் ஒவ்வொரு உறையின் விளிம்பிலும் ஒரு சாண் துணி வைத்துத் தைத்தோம். நீலப் பூ முடிகிற இடத்தில் நிறமில்லாத பட்டி தொடங்கியது. ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது என்று நான் நினைத்தேன். "தெரியட்டும்" என்றாள். போகும்போது கதவில் நின்று ஒன்று கேட்டாள்: "எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. அவராச் சொல்லட்டும்."

ஒரு மாதம் போனது. ஒரு வருடம் போனது. அவள் அது தங்கள் செற்றி என்றே நடந்துகொண்டாள்; அதனால் அண்ணையால் சொல்ல முடியவில்லை. அண்ணை சொல்லாததால் என் கணவரால் கேட்க முடியவில்லை. "என்ரை செற்றி" என்று இவர் தரையில் இருந்து பெருமூச்சு விடுவார். மாதம் ஒருதரம் நாலாம் மாடிக்குப் போய் அதில் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். "பூத் துணி போட்டபிறகு நல்லாத்தான் இருக்கு," என்று என்னிடம் குறைபோலச் சொல்வார்.

நான் ரேப்பை உரித்தேன். பசை போகவில்லை, நாலு கறுப்புக் குறியாக நின்றது. ஹோல் ஒருநாளும் நிரம்பவில்லை. ஒரு பாய், ஒரு கதிரை, ஒரு தாழ்ந்த மேசை, யன்னல் துணி. இவ்வளவையும் வெளிச்சம் போகும் பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தேன். வந்தவர்கள், "சாமான் வரேல்லையோ இன்னும்?" என்று கேட்டார்கள். வந்துவிட்டது என்று சொன்னால் நம்பவில்லை. என் பாணி என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால் அந்த நகர்வைத்தான் சொல்லலாம். அன்று அப்படிச் சொல்லத் தெரியவில்லை. கால் அரித்தது, இழுத்தேன்.

நாலு வருடம் கழித்து அவர்கள் போனார்கள். அவளுடைய தமையனோடு சேர்ந்து யூனியன்வில் பக்கம் ஒரு வீடு. சாமான் ஏற்றும் நாள் காலை நாங்கள் உதவிக்கு இறங்கிப் போனோம். வான் கீழே நின்றது. எல்லாம் ஏற்றியாயிற்று. வெறும் ஹோலில் செற்றி மட்டும், நீலப் பூவும் நிறமில்லாப் பட்டியுமாக. அண்ணை அதன் பக்கத்தில் பெருவிரலைப் பிடித்தபடி நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"இதை ஏத்தேல்லை," என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமல், என் கணவரைப் பார்த்து, ஒரே மூச்சில்: "இது உங்கடை. மேலை கொண்டுபோய் விட்டிட்டுத்தான் நான் போவன். என்னாலை ஏலாது இனி."

நாலு வருடம் அந்த மனிதர் நெஞ்சில் அந்தச் செற்றியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

என் கணவரின் கண் பளிச்சென்றது. "வைக்க இடமிருக்கு," என்றார். மேலே என் ஹோல், அதன் வெளிச்சம், அந்த நாலு கறுப்புக் குறி எல்லாம் ஒருகணம் மஞ்சளாகிவிட்டன.

"ஆறாம் மாடியிலை, மான் நிண்ட சுவரிலை," என்றாள் அவள் அமைதியாக. "வலக்கன்னத்திலை வெளிச்சம் விழுகிற இடத்திலை."

அண்ணையின் விரல் நின்றது. "உமக்குத் தெரியுமோ?"

"வந்த அண்டைக்கே தெரியும். உறையை ஒட்டுப்போட்டு இதுக்கெண்டு அளவாக்கிப்போட்டன். இனி வேறை ஒண்டுக்கும் பொருந்தாது." அவள் என் கணவரிடம் திரும்பினாள். "அண்ணை, இதை எனக்குத் தருவியளோ? நீங்கள் எப்ப வந்தாலும் உதிலை நீங்கள்தான் இருப்பியள்."

இவர் செற்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஒருதரம் அதில் போய்ச் சாய்ந்து, கையை விரித்து, எழும்பினார். "கொண்டுபோ பிள்ளை."

அண்ணை அப்படியே நின்றார். அழுவார்போல இருந்தது. "நிண்டது காணும்," என்றாள் அவள். "நீங்கள் அந்தப் பக்கத்தைத் தூக்குங்கோ."

படியால் இறக்கி வானில் ஏற்றினார்கள். அண்ணை முன் இருக்கையில் ஏறி, அன்று முதல்தரமாக, முதுகு சாய்த்து இருந்தார். அவள் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அங்கை எந்தச் சுவரோடை வைக்க? நீங்கள் சொன்னால் அங்கை வைக்கிறன்."

அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. யன்னல் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் அன்று எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"ஒரு சுவரோடையும் வைக்காதையும்," என்றேன். "நடுவிலை விடும்."